நூல்கண்டு போகும் மூலை

பின்னறைச் சுவர் தண்ணீர் குடிக்கிற சுவர். மழைக்காலம் தொடங்கினால் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறும். பூச்சு பொரிந்து, விரலால் தொட்டாலே மாவாக உதிரும். அந்த அறையில்தான் அம்மாவின் தையல் மெஷின் இருந்தது, துணி வெட்டுகிற மேசை இருந்தது, தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளும் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. போன மழையில் அடிவரிசை வெள்ளைச் சட்டைகளில் மிளகுத்தூள் தூவினாற்போலப் பூஞ்சைப் புள்ளி விழுந்துவிட்டது. சீருடைக் கடைக்காரம்மா ஒவ்வொரு சட்டையாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, புள்ளி விழுந்தவற்றைத் தனியே வைத்தார். போகும்போது வாசலில் நின்று, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அம்மாவும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவர் வருத்தப்பட்டுச் சொன்னதால் வாய் அடைத்துப்போயிற்று.

ஆக, அடுத்த மழைக்குள் அந்தச் சுவர் காய வேண்டும். காயாவிட்டால் அம்மாவின் வேலை போகும். இது வீட்டில் எல்லாருக்கும் புரிந்திருந்தது. அதைக் காய வைக்கப் பிறந்தவன் தான்தான் என்பது மட்டும் மூத்த பிள்ளை ஒருவனுக்கே புரிந்திருந்தது.

அவனை வீட்டில் 'ஸ்கேல்' என்பார்கள். தங்கை வைத்த பட்டப்பெயர். சட்டையை மடித்தால் ஓரத்துக்கு ஓரம் சரிபார்ப்பான். படத்தை மாட்டினால் ஆணி அடிப்பதற்கு முன் சுவரில் அரைப் பென்சிலைக் கரைத்துவிடுவான். அப்படியும் படம் கோணலாகத்தான் தொங்கும். கோணலாகத் தொங்குகிறது என்று முதலில் சொல்பவனும் அவனாகவே இருப்பான். பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாலையில் கட்டட மேற்பார்வை வகுப்பு. ஒரு காரியத்தை மூன்று தடவை அளந்து, நான்காம் தடவை சந்தேகப்பட்டு, கடைசியில் முதல் தடவை அளந்ததைவிட மோசமாகச் செய்து முடிப்பது அவனுடைய தனித்திறமை.

அப்பாவைக் கேட்கலாம்தான். ஆனால் அவர் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் பாதிக்கு மேல் நாலு பக்கமும் தண்ணீரை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிற மனிதர். தொலைபேசியில் சுவர் ஈரமாக இருக்கிறது என்று சொன்னால், "கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும்" என்பார்.

உண்மையில், சுவரோடு அவன் மோதுவது இது இரண்டாவது முறை. போன வருடம் தண்ணீர் புகாத பெயின்ட் என்று ஒன்றை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உள்பக்கம் இரண்டு தடவை பூசினான். முதல் மழையிலேயே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, பிறகு ஒரே தாளாக உரிந்து விழுந்தது. சுவர் மழைக்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டது என்று தங்கை சொன்னாள். பார்க்க அப்படித்தான் இருந்தது.

இந்த முறை அவனிடம் படிப்பு இருந்தது. ஈரம் சுவரின் குற்றமே அல்ல, வெளியே இருக்கிற மண்ணின் குற்றம் என்று ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அறிவித்தான். வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளத்தை ஏதோ ஒரு மண்ணைப் போட்டு மூடியிருப்பார்கள், அது வருடக்கணக்கில் அமுங்கி அமுங்கிச் சுவரோரம் குழியாகிவிட்டது, கூரையில் விழுகிற மழையெல்லாம் அந்தக் குழியில் நின்று அஸ்திவாரத்தை ஊற வைக்கிறது, அஸ்திவாரம் ஊறினால் சுவர் உறிஞ்சும், வீடே இறங்கும் என்றெல்லாம் சொன்னான். கொஞ்சம் களிமண் கலந்த மண்ணாகக் கொண்டுவந்து, சுவரோரம் உயர்த்தி, இடித்து இறுக்கி, சுவரைவிட்டு விலகிப் போகிற மாதிரி சரிவு கொடுத்தால் தண்ணீர் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். அவ்வளவுதான் வேலை.

அம்மா கவனமாகக் கேட்டாள். உள்ளே பூசப்போவது ஒன்றுமில்லையே என்று மட்டும் உறுதி செய்துகொண்டாள்.

மண் வாங்குவதில் அவன் காட்டிய அக்கறையைப் பெண் பார்க்கப் போனால்கூட யாரும் காட்டமாட்டார்கள். ஒரு பிடி மண்ணை நனைத்துக் கட்டைவிரலால் நீட்டி நீட்டிப் பார்த்தான். நாடாவாக நீண்டால் களி இருக்கிறது, உடனே உடைந்தால் வெறும் மணல். பிறகு ஒரு கண்ணாடிப் புட்டியில் மண்ணையும் தண்ணீரையும் போட்டுக் குலுக்கி, அடியில் எது எவ்வளவு படிகிறது என்று பார்ப்பதற்காகச் சமையலறை ஜன்னலில் வைத்தான். பழைய தேநீர் என்று நினைத்து அம்மா அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். மறுபடி குலுக்கினான். கடைசியில் மண் வந்தது. வண்டிக்காரர் அதைச் சரியாக வாசல் கேட்டின் மேல் கொட்டிவிட்டுப் போனார். அன்று முழுவதும் வீட்டுக்குள் வந்தவர்கள், போனவர்கள் எல்லாரும் மண்மேட்டில் ஏறி இறங்கினார்கள். தபால்காரர் உச்சியில் நின்றுகொண்டு, என்ன விசேஷம் என்று விசாரித்தார்.

வீட்டுக்கும் மதில்சுவருக்கும் நடுவில் இருந்தது ஒரு சந்து. ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கமும் தொடலாம். பாடத்தில் சொன்னபடி பத்தடிக்குச் சரிவு கொடுக்கப் போனால் பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் போய் முடியும். அதனால் இரண்டு சுவரிலிருந்தும் நடுவை நோக்கிச் சரிவு, நடுவில் ஆழமில்லாத ஒரு வாய்க்கால், அந்த வாய்க்கால் பின்மூலையிலிருந்து முன்பக்கம் ஓடி, மதில்சுவரில் இருக்கிற ஓட்டை வழியாகத் தெருக் கால்வாயில் விழும் என்று திட்டம் போட்டான். நல்ல திட்டம். அதில் இப்போதும் யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று மண்ணைப் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்தான். மறுபடி பரப்பு, மறுபடி இடி. உள்ளங்கை கொப்புளித்தது. கடையில் மறுநாள் ஒரு மூக்குக்கண்ணாடித் திருகைக்கூடப் பிடிக்க முடியவில்லை. சுவரில் பூச்சு தொடங்குகிற இடத்துக்கு மேல் மண் ஏறவே கூடாது, ஏறினால் மண்ணே சுவருக்கு ஈரத்தை ஊட்டிவிடும் என்பது பாடம். அதையும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டான்.

வாய்க்காலுக்கு எவ்வளவு இறக்கம் கொடுப்பது என்பதுதான் கடைசி வேலை. அதற்கு ஒரு மட்டம் தேவை. வகுப்பின் மட்டக்கருவி அலமாரியில் பூட்டியிருந்தது, கேட்கக் கூச்சமாக இருந்தது. அப்போதுதான் அவன் கண்ணில் அந்தக் கறுப்புப் பட்டை பட்டது. வீட்டைச் சுற்றிச் சுவரின் அடியில் ஓடுகிற ஒரு சாண் பட்டை. வீடு கட்டின கொத்தனார் ரசமட்டம் வைத்து, நூல் பிடித்துப் போட்ட கோடு. இதைவிட நேரான கோடு உலகத்தில் எங்கே கிடைக்கும்? பட்டையிலிருந்து கீழ்நோக்கி அளந்தான். பின்மூலையில் ஒரு சாண். முன்பக்கம் ஒரு சாணும் இரண்டு விரலும். இரண்டு விரல் இறக்கம். நடுவிலும் அளந்து பார்த்தான். மூன்று தடவை அளந்தான். மூன்று தடவையும் ஒரே அளவு வந்தது. அவன் வாழ்க்கையில் அதுவரை நடக்காத விஷயம் அது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சந்தேகப்படவில்லை. அதற்குப் பதிலாகக் கடைக்காரம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினான்.

அவர் வந்தார். அம்மா கையில் ஊசியோடு வந்து நின்றாள். தங்கை வண்ணமீன் கடையில் வேலை செய்பவள், மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தவள், தட்டோடு வந்து சந்து முனையில் நின்றுகொண்டாள். அவன் மூன்று பெண்களுக்கும் அஸ்திவாரம், ஊறல், உறிஞ்சல், இறக்கம் எல்லாவற்றையும் விளக்கினான். பிறகு பின்மூலையில் நின்று, வாளித் தண்ணீரை வாய்க்காலில் மெதுவாக ஊற்றினான்.

தண்ணீர் கொஞ்ச தூரம் முன்னால் போயிற்று. நின்றது. ஏதோ மறந்துபோய்த் திரும்பி வருகிற ஆள் மாதிரி நிதானமாகத் திரும்பி வந்து, அவன் செருப்பை நனைத்து, பின்னறை மூலையில் குளமாக நின்றது.

தங்கை மெல்லுவதை நிறுத்தினாள்.

"மண்ணு புதுசு," என்றான் அவன். "தண்ணிக்கு இன்னும் பழகல."

"தண்ணிக்கும் சாயங்கால வகுப்பு எடுக்கணும் போலிருக்கு," என்றாள் தங்கை.

கடைக்காரம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம் என்று அவனுக்கு இருந்தது. குளத்தையும் சுவரையும் பார்த்துவிட்டு, அம்மாவின் பக்கம் திரும்பி, இந்த முறை துணியை முன்கூட்டி இறக்குவதாக இல்லை, முதல் மழையன்று துணியோடு வருவதாகச் சொன்னார். "இறக்குறதா, அப்படியே திருப்பிக் கொண்டுபோறதான்னு அப்ப பாத்துட்டுச் சொல்றேன். தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது என்று அம்மா சொன்னாள். அன்று சாயங்காலம் வரை மெஷின் ஓடவில்லை.

அடுத்த சில நாட்கள் அவன் தன்னைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டான். வாளி கோணலாக இருந்திருக்கலாம். வண்டிக்காரர் கொட்டிய மண்ணில் ஏதோ கலப்படம். பின்மூலையில் காற்று எதிர்ப்பக்கம் அடித்திருக்கலாம் என்றுகூட ஒரு நிமிடம் யோசித்து, உடனே வெட்கப்பட்டான். பட்டையிலிருந்து மறுபடி மறுபடி அளந்தான். அளவு மாறவே இல்லை. வாளியை ஊற்றினால் தண்ணீரும் மாறவில்லை, நேராக மூலைக்கே வந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தவனை அம்மா உள்ளிருந்து கூப்பிட்டாள். நூல்கண்டு விழுந்துவிட்டதாம், எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். அவன் எங்கே விழுந்தது என்று கேட்கவில்லை. அந்த அறையில் எது உருண்டாலும் அது போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நூல்கண்டு, பொத்தான், சாக்பீஸ், தங்கையின் பழைய கோலிக்குண்டு எல்லாமே பின்மூலைக்குத்தான் போகும். சின்ன வயதில் அதற்கு 'பேங்க்' என்று பெயர் வைத்திருந்தார்கள். காணாமல் போன எதையும் பேங்க்கில் போய் எடுத்துக்கொள்ளலாம்.

மெஷினுக்கு அடியில் குப்புறப் படுத்து, கையை நீட்டி, பேங்க்கிலிருந்து நூல்கண்டை எடுத்தான். எடுத்தவன் எழுந்திருக்கவில்லை. நூல்கண்டை முழங்கை அருகே வைத்து விட்டுப் பார்த்தான். அது உருண்டு மூலைக்குப் போயிற்று. மறுபடி எடுத்து வைத்தான். மறுபடி போயிற்று.

"என்னடா, படுத்துத் தூங்கிட்டியா?"

"அம்மா," என்றான் மெஷினுக்கு அடியிலிருந்தே. "வீடு சாஞ்சிருக்கும்மா. இந்தப் பக்கமா."

"ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

"நூல்கண்டு அங்கதானே போகுது. ஏன், உனக்குத் தெரியாதா?"

அவன் நூல்கண்டை மறுபடி கையில் எடுத்தான். "தெரியும்," என்றான்.

வீடு சாய்ந்தால் வீட்டின் மேல் போட்ட பட்டையும் சேர்ந்துதானே சாயும். நோயாளி சொன்ன காய்ச்சலையே காய்ச்சலாக எழுதிக்கொண்டு மருந்து கொடுத்திருக்கிறான். இதில் கொடுமை என்னவென்றால், பகலெல்லாம் அவன் செய்கிற வேலையே இதுதான். ஒருவருக்கு ஒரு காது மேலே இருக்கும், ஒரு காது கீழே இருக்கும். காதை நம்பிக் கண்ணாடியை உட்கார வைத்தால் முகமே கோணலாகத் தெரியும். சட்டத்தின் ஒரு காலைக் கொஞ்சம் வளைத்தால்தான் நேராக நிற்கும். வாடிக்கையாளர்களிடம் அவன் தினமும் சொல்கிற வசனம் இது: யாருக்கும் காது மட்டமாக இருக்காது சார். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டான். சொந்த வீட்டின் காதை மட்டும் நம்பிவிட்டான்.

மூலையில் நின்ற தண்ணீர் மூலையை இறக்கியிருக்கிறது. இறங்கின மூலை இன்னும் தண்ணீரைக் கூப்பிட்டிருக்கிறது. இத்தனை வருடமாக இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக இருந்திருக்கின்றன. இவனும் போய்த் திமிசுக்கட்டையோடு அந்தக் கூட்டணியில் சேர்ந்துகொண்டான்.

மறுநாள் தங்கை கடையிலிருந்து மீன்தொட்டிக்குப் போடுகிற நீளமான டியூப் ஒன்றை வாங்கிவந்தாள். அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அவள் முன்பக்கத்தில் சுவரோடு பிடித்தாள், மறுமுனையை அவன் பின்மூலையில் பிடித்தான். டியூப் எப்படிக் கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். அதற்கு வீட்டின் அபிப்பிராயம் தேவையில்லை.

"பட்டையோட மேல்கோடு எங்க இருக்கு?" என்று பின்மூலையிலிருந்து கேட்டான்.

"எனக்குத் தண்ணி கோட்டுக்கு நேரா நிக்குது. உனக்கு?"

"மூணு விரல் மேல நிக்குது."

"அப்ப வீடு மூணு விரல் இறங்கியிருக்கு. நீ எவ்வளவு இறக்கம் குடுத்த?"

"ரெண்டு."

தங்கை டியூப்பைக் கீழே விடாமலே சிரித்தாள். சிரிப்பில் தண்ணீர் ஆடியதால் இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருந்தது. "ஒரு விரல்ல கோட்டை விட்டுட்டியே, ஸ்கேலு," என்றாள். "டியூப்ல மீன் வாடை அடிக்குது, கொஞ்சம் சீக்கிரம் பாரு."

பின்பக்கம் மண்ணை உயர்த்த வழியில்லை. உயர்த்தினால் பூச்சைத் தொடும். முன்பக்கத்தை நாலு விரல் தாழ்த்துவது ஒன்றே வழி. அதாவது அவனே பரப்பி, அவனே நனைத்து, அவனே கொப்புளம் வர இடித்து இறுக்கிய மண்ணை அவனே வெட்ட வேண்டும். நன்றாக இறுக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னதை அவன் எவ்வளவு நன்றாகக் கடைப்பிடித்திருக்கிறான் என்பது கடப்பாரை போட்டபோதுதான் தெரிந்தது. மண் கல்லாக நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் மதில்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, போன வாரம் போட்டதை ஏன் தம்பி இந்த வாரம் எடுக்கிறாய் என்று கேட்டார். ஒரு சின்ன மாற்றம் என்றான். மதில்சுவரின் ஓட்டையும் உயரத்தில் இருந்தது. ஒரு செங்கல்லைப் பெயர்த்து அதையும் தாழ்த்தினான். இந்த முறை ஒவ்வோர் அடிக்கும் டியூப் வைத்துப் பார்த்தான். வீட்டின் பக்கம் தலையைத் திருப்பக்கூட இல்லை.

வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது அது முன்பக்கம் போயிற்று. அம்மாவிடம் சொல்லவில்லை. வாளி ஒரு தடவை அவனை ஏமாற்றியிருக்கிறது.

முதல் மழை ஒரு மத்தியானம் வந்தது. கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடிச் சட்டத்தை வளைத்துக்கொண்டிருந்தவன், கண்ணாடியை அவர் மூக்கிலேயே விட்டுவிட்டு முதலாளியிடம் சொல்லிக்கொண்டு ஓடினான். நனைந்து வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் கடைக்காரம்மாவின் வேன் நின்றது. பின்கதவு மூடியிருந்தது. உள்ளே வெள்ளைத் துணிக்கட்டுகள் பாலித்தீனுக்குள் தெரிந்தன. அவர் குடையோடு சந்து முனையில் நின்றார். அம்மா முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவனுக்குப் பின்மூலையைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முதலில் மதில்சுவரின் ஓட்டையைத்தான் பார்த்தான். அதில் கலங்கிய தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கூரையிலிருந்து கொட்டுகிற மழை சந்தின் இரண்டு பக்கமும் சரிந்து, நடுவில் சேர்ந்து, அவசரமில்லாமல் தெருவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அம்மா காலையில் ஜன்னல் வழியாக உதறியிருந்த வெள்ளை நூல்துணுக்கு ஒன்று பின்மூலையிலிருந்து கிளம்பி வந்தது. நடுவழியில் ஒரு சுழல் சுழன்றது. பிறகு நூல் நிமிர்ந்து, ஓட்டைக்குள் புகுந்து, கால்வாயில் விழுந்தது. முன்பக்கம் ஓரிடத்தில் மண் அரித்து ஒரு பள்ளம் விழத் தொடங்கியிருந்தது. அங்கே கல் பாவ வேண்டும். ஆனால் பின்மூலையில் குளம் இல்லை.

கடைக்காரம்மா குடையை மடக்கி வீட்டுக்குள் போனார். பின்னறைச் சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். எடுத்து முகர்ந்து பார்த்தார். முழுக்கக் காய்ந்துவிட்டது என்று அவனாலேயே சொல்ல முடியாது. இத்தனை வருடம் குடித்த சுவர் இரண்டு வாரத்தில் தெளியாது. அதைத் தான் சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. வாய்விட்டுச் சொன்னால் துணி திரும்பிப் போய்விடும் என்றும் தோன்றியது.

"பழைய ஈரம் இன்னும் கொஞ்சம் இருக்கும்," என்று சொல்லிவிட்டான். "புது ஈரம் வராது. வராதுன்னுதான் நெனைக்கிறேன்."

அம்மா அவனைப் பார்த்த பார்வையில், போன தடவை மாதிரி நீ நாலு பாடம் எடுத்திருக்கலாமே என்பது தெரிந்தது.

கடைக்காரம்மா கையைப் புடவையில் துடைத்தார். "போன தடவை தண்ணி திரும்பி வந்தப்பகூட மண்ணு புதுசுன்னு சாதிச்ச. இப்ப ஓடுது, இப்ப சந்தேகப்படுற." கொஞ்சம் யோசித்தார். "பாதியை இறக்குங்க. மீதி, இந்த மழை முழுக்கப் பெஞ்சு முடியட்டும், பாக்கலாம்."

பாதி. அம்மா முகத்தில் பாதிக்கு மேலேயே வெளிச்சம் வந்தது. தங்கை அன்று தாமதமாக வந்து, பாதி மதிப்பெண்ணுக்குப் பாஸா ஃபெயிலா என்று கேட்டாள். அவனுக்கே அது தெரியவில்லை.

துணிக்கட்டுகளை அவன்தான் தூக்கி வந்தான். அறையில் அவற்றை வைக்க அம்மா ஒரு நீள பெஞ்சு போட்டிருந்தாள், தரையில் படாமல் இருக்க. சுவருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தாள். உன் வேலையில் நம்பிக்கை இல்லாமல் இல்லை, சும்மா ஒரு பாதுகாப்புக்கு என்றாள்.

அம்மா அடுப்படிக்குப் போனதும், அவன் பெஞ்சைச் சத்தமில்லாமல் தூக்கி, சுவரிலிருந்து இன்னும் ஒரு சாண் தள்ளி வைத்தான். தள்ளியபோது கட்டின் மேலிருந்த நூல்கண்டு கீழே விழுந்தது. எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். போய் எடுத்துவந்தான்.